எட்டு மணி நேர வெளிச்சம்

மொம்பாஸா, பழைய நகரம்
சனிக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பிறகு

என் மகள் ஸைத்தூனிக்கு உன் பாபா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் உயிரோடும் பாதிச் சுகத்தோடும் இருக்கிறேன், மீதிப் பாதியை அல்லாஹ் உனக்குச் சேர்த்துக் கொடுத்திருப்பான் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவருக்கு இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ கேள்வி கேட்கிறாய், நான் பதில் சொல்கிறேன், அவ்வளவுதான் நடக்கிறது. உடனே பதில் சொல்ல வேண்டியிருப்பதால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறேன், அதில் ஒன்று பொய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் எடுத்தவுடன் சொல்ல எனக்கு வராது, முறையாகச் சொல்லிக்கொண்டு வந்தால்தான் வரும். எதிர்வீட்டு ஷம்ஸா இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். படிக்காமல் அனுப்ப மாட்டாள், படித்துவிட்டுப் போகட்டும், அவளுக்குத் தெரியாதது இதில் ஒன்றும் இல்லை. மழை விட்ட பாடில்லை. மாடிப்படிச் சுவர் ஊறிப்போய்ச் சுண்ணாம்பு உதிர்கிறது. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, நீ அனுப்பிய களிம்பில் வாசனை மட்டும் நன்றாக இருக்கிறது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை, தேங்காய்ப்பால் விட்ட பயறு, மீன் குழம்பு என்று ஷம்ஸா ஏதாவது அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். உன் அம்மா உப்பைக் கொஞ்சம் குறைத்தாலே நான் தட்டைத் தள்ளி வைப்பேன், ஷம்ஸா உப்பே போடுவதில்லை, நானும் வாயைத் திறக்காமல் சாப்பிடுகிறேன்.

நீ ஏற்பாடு செய்த நியாலி ஹோட்டல்காரர் புதன்கிழமை வந்திருந்தார். மரியாதையான மனிதர்தான், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். உன் அம்மாவின் மீன் தொட்டியைச் சுற்றி வந்து நாடா வைத்து அளந்தார், கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார், மூக்கைச் சுளிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். பாசி அப்படிப் பிடித்திருந்தது மகளே, கல்லெல்லாம் தாடி வளர்த்த மாதிரி பச்சைப் பசேல் என்று இருந்தது. கடைசியில் கண்ணாடியையும் கல்லையும் பம்பையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மீன் என்று நான் இழுத்தேன். "தப்பா நெனைக்காதீங்க ஐயா, விருந்தாளிங்க அவ்வளவு தூரத்துலேருந்து வந்து ஒத்தக்கண்ணு மீனையா பாப்பாங்க? எங்களுக்குப் புதுசா வருது. இதையெல்லாம் நீங்க ஏதாவது பண்ணிக்குங்க" என்றார். வருகிற புதன் வண்டியோடு வருவாராம். நீ நல்லதை நினைத்துத்தான் செய்தாய், இந்த வயதில் பாபா வாளி தூக்க வேண்டாம் என்று நினைத்தாய், எனக்குப் புரிகிறது. உண்மையைச் சொன்னால் அவர் படியிறங்கிப் போகும்போது எனக்குள் ஒருவன் அப்பாடா என்றுதான் உட்கார்ந்தான். அவ்வளவு களைப்பு. ஆனால் ஏதாவது பண்ணிக்கொள்வது என்றால் என்ன பண்ணுவது? அந்த ஒற்றைக்கண் மஞ்சள் மீன், வால் கிழிந்தது, முதுகு வளைந்தது, அந்தக் கடற்சாமந்திக்குள்ளேயே குடியிருக்கும் கோமாளி மீன் ஜோடி, அதில் ஒன்றுக்குச் செவுள் மூடாது. எல்லாம் ம்டுவாபா வண்ண மீன் ஏற்றுமதிக் கிடங்கில் உன் அம்மா பையில் அடைக்கும்போது வெளிநாட்டுக்கு ஆகாது என்று கழித்துப் போட்டவை. அவள் சாப்பாட்டுத் தூக்கில் ஒவ்வொன்றாகக் கொண்டு வந்தாள். கடலில் விட்டால் அரை நாள் தாங்காது. ஆகவே புதன்கிழமைக்குள் தண்ணீர் தேறுகிற வழி தெரிந்தால் தொட்டி இங்கே, தெரியாவிட்டால் கண்ணாடி நியாலிக்கு, மீன்கள் மண்ணுக்கு. இதுதான் இப்போது என் தலையில் இருக்கிற ஒரே கவலை.

இந்தக் கதி எப்படி வந்தது என்று நீ போனில் பத்து தடவை கேட்டாய், நான் மழை என்றேன், மின்சாரம் என்றேன். முதலில் நடந்தது வேறு. உன் அம்மா ரிஸிகி மௌத்தான அன்று மாலையே அடக்கம் ஆகிவிட்டது. உன் பாஸ்போர்ட் விசா அலுவலகத்தில் மாட்டிக்கொண்டதற்கு நீ என்ன செய்வாய், அது உன் கையிலா இருந்தது? அதை விடு. மூன்று நாள் இந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, உனக்குத் தெரிந்த வழக்கம்தானே, தெருவே சமைத்துக் கொண்டு வந்தது. கீழே ஆண்கள் பாயில், மேலே பெண்கள், எங்கே திரும்பினாலும் பிலாவ் தட்டு. இப்படி வந்தவர்கள் எல்லோருக்கும் தொட்டியைப் பார்த்ததும் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது. மௌத்து வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு கொடுத்தாகிவிட்டது, இந்த வாயில்லாத ஜீவன்களை யார் கவனித்தார்கள், பாவம். ஆளாளுக்கு ஒரு சிட்டிகை போட்டார்கள். தீனி டப்பா முதல் நாளே காலியாகிவிட்டது. பிறகு மஹம்ரி ரொட்டியைப் பிய்த்துப் போட்டிருக்கிறார்கள், சோறு போட்டிருக்கிறார்கள், யாரோ ஒரு புண்ணியவதி அவித்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்துப் போட்டிருக்கிறாள். ஷம்ஸாவின் மாமியார் என்னிடமே வந்து, "உங்க வீட்டு மீனு நல்லா சாப்புடுதுப்பா, அதுங்களுக்காவது பசி இருக்கே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். நான் அவரை என்ன சொல்ல முடியும்? என்ன நடக்கிறது என்று பார்க்கிற நிலையிலா நான் இருந்தேன்?

மூன்றாம் நாள் பாய் சுருட்டினதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். நம் பக்கத்துப் பெண்கள் கழுவினால் எப்படிக் கழுவுவார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதவுக் குமிழ் வரைக்கும் தேய்த்தார்கள். அந்த வேகத்தில் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் வடிகட்டிப் பஞ்சையும் எடுத்து, இவ்வளவு வழவழப்பா, பாவம் ரிஸிகிக்குக் கடைசியில் முடியாமல் போய்விட்டது போலிருக்கிறது என்று சொல்லி, ப்ளீச் போட்டு ஊற வைத்து வெள்ளை வெளேர் என்று ஆக்கி, குழாயடியில் நன்றாக அலசி, வெயிலில் காய வைத்துத் திரும்ப மாட்டிவிட்டார்கள். உன் அம்மா இருந்திருந்தால் குய்யோ முறையோ என்று கத்தியிருப்பாள். அந்த வழவழப்பில்தான் தண்ணீரைச் சுத்தம் பண்ணும் உயிரே இருந்ததாம், அது எனக்கு அப்போது தெரியாது. மறுநாள் காலை தண்ணீர் பால் மாதிரி ஆகிவிட்டது. முதலில் கண்ணாடியில் ஆவி என்று நினைத்துத் துண்டால் துடைத்தேன். பிறகுதான் பார்த்தேன், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கிடங்கில் உன் அம்மாவோடு வேலை பார்த்த கஸுங்குவுக்குப் போன் போட்டேன். கடலில் மூழ்கி மீன் பிடிக்கும் கிரியாமா இனத்து ஆள், அம்மாவை அக்கா என்பான். உடனே வந்தான். அவன் கிடங்குத் தொட்டியிலிருந்து அழுக்குப் பஞ்சு ஒன்றைப் பையில் போட்டுக் கொண்டு வந்து நம் பஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தான். காற்றுக் குழாய் இன்னொன்று விட்டான். அடியில் அழுகிக் கிடந்ததை எல்லாம் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தான், ஒரு பங்கு தண்ணீர் மட்டும் மாற்றினான். "இனிமே ஒரு வாரம் இதுங்களுக்கு நோன்புதான் பெரியவரே. யாரு வந்து கெஞ்சுனாலும் ஒரு பருக்கை போடக் கூடாது, டப்பாவ ஒளிச்சு வைங்க" என்றான். பத்து நாளில் பால் தெளிந்தது. ஒரு மீன்கூடச் சாகவில்லை. அன்றைக்கு நான் இரண்டு ரக்அத் நன்றித் தொழுகை தொழுதேன், உன்னிடமும் பெருமையாகச் சொன்னேன், நினைவிருக்கும்.

அதோடு விட்டிருக்கலாம். துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருஷம் இழுவைப் படகு ஓட்டியவனுக்குக் கடலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற திமிர் எனக்கு. தொட்டியில் தண்ணீர் வற்றும் இல்லையா, வற்ற வற்றப் பழைய துறைமுகப் படியில் இறங்கி ஒரு வாளி கடல்தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினேன். கடல் மீனுக்குக் கடல்தண்ணீர், இதில் என்ன யோசனை? இரண்டு வாரம் ஊற்றியிருப்பேன். கடற்சாமந்தி சுருங்கிப் பழைய காலுறை மாதிரி ஆகிவிட்டது. கஸுங்கு வந்து உப்பு அளக்கும் கருவியைப் போட்டுப் பார்த்துவிட்டு என் முகத்தையே பார்த்தான். "ஆவியாப் போறது தண்ணிதானே பெரியவரே, உப்பு போகுதா? நீங்க உப்புக்கு மேல உப்பு ஊத்திக்கிட்டே இருக்கீங்க. அதுவும் மழைக்காலத்துல ஊருச் சாக்கடை முழுக்க வந்து சேர்ற எடத்துலேருந்து. இதுங்களுக்குக் கருவாடு ஆகணும்னு வேண்டுதலா?" என்றான். வற்றுவதற்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டுமாம். அதுவும் தள்ளுவண்டித் தண்ணீர் கூடாதாம், கிணற்றிலிருந்து வருகிறதே, பாசிக்கு அது விருந்தாம். கிடங்கில் சுத்திகரித்த தண்ணீரை வாரம் இரண்டு கேன் உன் அம்மா பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வருவாளாம். அந்தக் கேன்களை நான் வருஷக்கணக்கில் படியில் பார்த்திருக்கிறேன். தடுக்குகிறது, எடுத்து உள்ளே வை என்று திட்டியிருக்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை மகளே. முப்பத்தொரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். அவள் அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது நான் இங்கே இதே நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு வாரம் எடுத்துக் குறைத்தோம். தண்ணீர் கஸுங்குவின் பைக்கில் வருகிறது. தீனி இரண்டு நாளைக்கு ஒரு முறைதான். எல்லாம் சரியாகத்தான் செய்தேன், ஆனாலும் பச்சைப் பாசி மட்டும் நிற்கவே இல்லை. கையால் பிய்த்தேன், பல்துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்தேன், கஸுங்கு எட்டு நத்தை கொண்டு வந்து விட்டான். நத்தைகள் ஒரு பக்கம் மேய்ந்தால் மறு பக்கம் வளர்ந்தது. நீ அங்கிருந்து ஒவ்வொரு நாளும் கேட்டாய். தீனி எவ்வளவு பாபா, தண்ணி எப்ப மாத்துனீங்க பாபா, விளக்கு எத்தன மணி நேரம் எரியுது பாபா. எட்டு மணி நேரம், அம்மா வைத்த மாதிரியே என்று நான் சொன்னேன். ஒரு தடவை இல்லை, ஆறு ஏழு தடவை சொல்லியிருப்பேன். நீ அதை நம்பி, வேறு காரணம் தேடி, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எதை எதையோ படித்து, ஏதோ ஒரு மருந்துப் பொடியை வேறு பார்சலில் அனுப்பினாய். கடைசியில், போதும் பாபா, கொடுத்துவிடலாம் என்று ஹோட்டல்காரரைப் பிடித்தாய்.

முந்தாநாள் வியாழக்கிழமை கஸுங்கு வந்திருந்தான். ஹோட்டல்காரர் சொன்னதைச் சொன்னேன். அவன் தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு அவனும் அதே விளக்குக் கேள்வியைக் கேட்டான், நானும் அதே பதிலைச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து ஷம்ஸா பயற்றுக் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். நம் சந்து எவ்வளவு அகலம் என்று உனக்குத் தெரியும், அவள் ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் நம் ஜன்னல் கம்பியைத் தொடலாம். "எட்டு மணி நேரமா? ஏண்ணே, எனக்குக் காது குத்துறீங்களா? உங்க வீட்டு நீல வெளிச்சம் விடிய விடிய எங்க சுவத்துல ஆடுது. என் புருஷன் மூஞ்சிக்கு மேல துணி போட்டுக்கிட்டுத் தூங்குறாரு. மௌத்து வீடாச்சேன்னு இத்தன நாளு வாய மூடிக்கிட்டு இருந்தேன்" என்றாள். கஸுங்கு திரும்பிப் பார்த்தான். அவன் சிரிக்கவில்லை. "ராப்பகலா எரியுதா பெரியவரே? எத்தன நாளா?" என்று மெதுவாகக் கேட்டான். அம்பத்தி மூணு நாள் என்றேன். அது எந்த நாளிலிருந்து என்று அவன் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இதுதான் நான் உன்னிடம் சொன்ன பொய். விளக்குக்கு நீ அனுப்பியிருந்த டைமர் உன் அம்மா வைத்தபடியே இருந்தது, காலை பதினொன்றுக்குப் போட்டு மாலை ஏழுக்கு அணைக்கும். அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று எல்லோரும் கீழே இருந்தார்கள், நான் தொழுகைக்குக் கைகால் கழுவி உளூச் செய்ய மேலே வந்து தொட்டி இருக்கும் அறையில் தனியாக நின்றுகொண்டிருந்தேன். ஏழு மணிக்கு அது டக் என்று தானாக அணைந்தது. கை வைத்தவள் கபரில் இருக்கிறாள், அவள் வைத்த கணக்குப்படி வீடு இருட்டாகிறது. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. டைமரைப் பிடுங்கி எறிந்துவிட்டு விளக்கை நேராகச் சுவரில் செருகினேன். அதற்குப் பிறகு அணைக்கவே இல்லை. அந்த வெளிச்சத்தில்தான் படுத்துக்கிடந்தேன். இருட்டில் படுத்தால் பக்கத்தில் இடம் காலியாக இருப்பது கைக்குத் தெரிகிறது, வெளிச்சம் இருந்தால் கண் மீனைப் பார்த்துக்கொண்டிருக்கும். புயல் காற்றில் படகு ஓட்டியவன், எழுபது வயதுக்குப் பக்கத்தில் இருக்கிறவன், இருட்டுக்குப் பயப்படுகிறேன் என்று பெற்ற மகளிடம் எப்படிச் சொல்வது? அதனால் எட்டு மணி நேரம் என்றேன். பாசி அந்த வெளிச்சத்தைத் தின்று தின்று வளர்ந்தது. மீன்களுக்கு ஐம்பத்து மூன்று நாளாக இரவே இல்லை. அவள் கழிவிலிருந்து காப்பாற்றிக் கொண்டு வந்ததை நான்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தேன்.

கஸுங்கு என்னைத் திட்டவில்லை. பாசியைக் கையால் முடிந்த மட்டும் பிடுங்கி எடுத்தான், தண்ணீர் மாற்றினான், அலமாரியிலிருந்து கனமான போர்வையை எடுத்துத் தொட்டியை நாலு பக்கமும் மூடினான், காற்றுக் குழாயை மட்டும் ஓட விட்டான். "மூணு நாளு முழு இருட்டு. தொறந்து பாக்கக் கூடாது, தீனி கூடாது. பாசி பட்டினியில சோந்து போகும், மீனு தாங்கும். அப்புறம் அக்கா வெச்ச நேரம்தான், அதுக்கு மேல ஒரு நிமிஷம் கெடையாது" என்றான். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "நான் வேணா ராத்திரி இங்க படுத்துக்கட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவனுக்கு மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். அன்றிரவு முதல் தடவையாக இந்த வீடு இருட்டாக இருந்தது. பம்பு சத்தம் மட்டும் கேட்டது. நான் அழுதேன் ஸைத்தூனி. அடக்கத்தன்று அழவில்லை, நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவிலும் அழவில்லை, எல்லோரும் நல்ல பொறுமைசாலி என்று சொன்னார்கள். வியாழக்கிழமை இரவு ஷம்ஸா வீட்டுக்குக் கேட்காமல் இருக்கத் தலையணையை வாயில் வைத்துக்கொண்டேன். நேற்று இரவும் நல்லதாக ஒன்றும் இல்லை, ஆனால் ஃபஜ்ர் தொழுகைக்கு முன்னால் ஒரு மணி நேரம் தூங்கியிருக்கிறேன்.

நாளை மாலை போர்வையை எடுக்க வேண்டும். உள்ளே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, பயமாகத்தான் இருக்கிறது, உனக்கு உள்ளதை உள்ளபடி சொல்வேன். ஆனால் எப்படி இருந்தாலும் ஹோட்டல்காரருக்கு வேண்டாம் என்று நீயே ஒரு வார்த்தை பக்குவமாகச் சொல்லிவிடு, நான் பேசினால் ஒற்றைக்கண் மீனைப் பற்றி அவர் சொன்னதற்கு ஏதாவது சொல்லிவிடுவேன். பொடிமருந்து இனி அனுப்ப வேண்டாம். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, அங்கே முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கும்போது முதுகை வளைக்காதே, இரவு வேலை முடிந்து பட்டினியாகத் தூங்காதே. ஆகஸ்டில் வரும்போது ஒன்றும் வாங்கி வர வேண்டாம், நீ வந்தால் போதும். இன்னொன்றும் எனக்குத் தெரியும் மகளே. இந்த ஐம்பது நாளும் நீயும் உன் அம்மா பெயரைச் சொல்லவில்லை. உப்பைக் கேட்டாய், வெளிச்சத்தைக் கேட்டாய், நானும் மீனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன், இரண்டு பேரும் அதற்குள் ஒளிந்துகொண்டிருந்தோம். அதில் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

உன் ஆயுளையும் ஈமானையும் அல்லாஹ் நிறைவாக்குவானாக, உன் அம்மாவின் கபரை விசாலமாக்குவானாக, நம் இரண்டு பேரின் மனத்தையும் இளக்குவானாக. மறக்காமல் ஒன்று செய். டைமரைத் தேடி எடுத்துத் திரும்ப மாட்டப்போகிறேன், திங்கட்கிழமையிலிருந்து விளக்கு அவள் வைத்த நேரத்துக்கே ஏழு மணிக்கு அணையும், உனக்கு அப்போது ஆறு மணி. அந்த நேரத்துக்கு எனக்குப் போன் செய். தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்காதே. அம்மாவைப் பற்றி ஏதாவது சொல், எதுவாக இருந்தாலும் சரி, எனக்குத் தெரியாததாக இருந்தால் இன்னும் நல்லது. நான் இருட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் பாபா,
ஃபமாவ் ஷெக்குவே